இத்தா வீட்டுக்கு வந்த சட்டிகள்

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்தோம், எனக்கு எட்டு வயது. கல்பிட்டி வீதியோரத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் குடியிருந்தோம். என்னை ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வகுப்பில் எங்களுக்குத் தனிப் பெயர் கிடையாது, "அகதிப் புள்ளைகள்" என்றால் நாங்கள்தான். யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தபோது, வாங்கில் தள்ளி இருந்து இடம் தந்தவள் அவள். அந்த வருடப் பெருநாளுக்கு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தன் உம்மாவிடம், "இது எண்ட கூட்டாளி" என்று சொன்னாள்.

பிறகு நடந்தவற்றில் எதற்கும் நான் "ஏலாது" என்று சொல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

நாங்கள் இருவரும் வளர்ந்தோம், கல்யாணம் முடித்தோம், புத்தளத்திலேயே இருந்தோம். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்தார். என்னுடையவர் உப்பு லொறி ஓட்டினார். நான் வீட்டுக்குக் கிட்டவுள்ள பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனேன். வாரத்தில் ஒரு நாளாவது இருவரும் கதைப்போம். எண்ணெய் தடவிய தலையோடு, வீட்டுச் சட்டையோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடிய பழக்கம் எங்களுடையது.

அவளுடைய மாப்பிள்ளைக்குக் கட்டார் வேலை போய், அவர் ஊருக்கு வந்து சேர்ந்த வருடத்தில்தான் அவள் சட்டி விற்கத் தொடங்கினாள். எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம், தண்ணீர் ஊற்றாமல் அவிக்கலாம், அடியில் ஒட்டாது என்று சொல்லி விற்கும் சட்டிகள். கடையில் கிடைக்காது. ஒரு வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி வைத்து, அவர்கள் முன்னால் சமைத்துக் காட்டித்தான் விற்பார்கள். அதற்குப் பெயர் பார்ட்டி.

முதல் அழைப்பு வட்ஸ்அப்பில் குரலாக வந்தது. "புள்ள, ஞாயித்துக்கெழம அஸர் தொழுதிட்டு எண்ட வூட்ட வா. ஒண்டும் வாங்கத் தேவல்ல. வந்து சும்மா ஒக்காந்தா போதும். நீ வராட்டி நான் ஆர வெச்சி இத செய்யிற?"

நான் போனேன். சந்தோசமாகத்தான் போனேன். அவள் வீட்டு முன்மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. சிலாபத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், சட்டி வியாபாரத்தில் என் கூட்டாளிக்கு மேலே இருப்பவள். எல்லாரும் அவளை "மிஸ்" என்றார்கள். மிஸ் பாதி தமிழும் பாதி சிங்களமுமாகக் கதைத்தாள். ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயரையும் குசினியில் உள்ள கஷ்டத்தையும் சொல்ல வைத்தாள். சொல்லி முடித்ததும் எல்லாரும் கை தட்ட வேண்டும். பிறகு, யாருடைய கைப்பையில் ஊசி இருக்கிறது என்று ஒரு விளையாட்டு. ஊசி வைத்திருந்தவளுக்கு ஒரு மரக்கரண்டி பரிசு கிடைத்தது. சிரித்தோம். முட்டை எண்ணெயில்லாமல் பொரிந்து சட்டியிலிருந்து வழுக்கி வந்தது. எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றோம். முடிந்ததும் ரோல்ஸும் சர்பத்தும். பிறகு பெயரும் வேண்டிய சட்டியும் எழுத ஒரு கொப்பி சுற்றி வந்தது. எனக்கு முன்னால் எழுதியிருந்த நான்கு பேரும் எதையோ வாங்கியிருந்தார்கள். என் கூட்டாளி எதிரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எழுதினேன்.

அதற்குப் பிறகு பார்ட்டிகள் நிற்கவில்லை. அவளுடைய மச்சி வீட்டில், முந்தலில் இருக்கும் அவளுடைய சாச்சி வீட்டில், எங்களோடு படித்த இன்னொருத்தி வீட்டில். எல்லா இடத்துக்கும் நான் போனேன். வாங்குவதற்கு இல்லை. கதிரையை நிரப்புவதற்கு.

"கதிர சும்மா கெடந்தா மிஸ் என்ன ஒரு மாதிரிப் பாக்கிறா புள்ள. நீ வந்தா எனக்குத் தெம்பு."

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அது உண்மை. அவள் உடனே அழைப்பெடுத்து மகளைப் பற்றி விசாரித்தாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஒரு மணித்தியாலம் தானே, வாப்பா பாத்துக்கொள்ள மாட்டாரா?" என்றாள். என் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா, போகாட்டி அதப் பத்தியே ஒரு கிழமைக்குக் கதைப்பீங்க" என்றார். நான் போனேன். காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய், எனக்குத் தெரியாத பெண்கள் முட்டை பொரிவதைப் பார்த்துக் கை தட்டுவதோடு சேர்ந்து நானும் கை தட்டினேன்.

பிறகு என் முறை வந்தது. "எல்லாரும் வூட்டுல வெச்சிட்டாங்க, நீ மட்டும்தான் இன்னும் வெக்கல்ல" என்றாள். பாலர் பாடசாலைத் தாய்மாரைக் கூப்பிடச் சொன்னாள். அதை மட்டும் நான் செய்யவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மாரிடம் எந்த முகத்தோடு சட்டியைப் பற்றிக் கதைப்பது? ஆனால் ஆட்கள் வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் போனேன்.

அந்த ராத்தா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தையல் மெசினில் அபாயா தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். கூட்டத்தில் இருக்கப் பிடிக்காதவர். "எனக்கு அங்க வந்து என்னத்தக் கதைக்கிறதெண்டு தெரியா மகள்" என்றார். நான் அவருடைய மெசினுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஒண்டும் கதைக்கத் தேவல்ல ராத்தா. வந்து சும்மா ஒக்காந்தா போதும். நீங்க வராட்டி நான் ஆர வெச்சி செய்யிற?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் நிறுத்தவில்லை. ராத்தா வந்தார். மிஸ் அவரை எழுப்பி, குசினியில் உள்ள கஷ்டத்தைச் சொல்லச் சொன்னாள். ராத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கஷ்டமெண்டா, சமைக்கச் சாமான் இல்லாததுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். அன்று கொப்பி சுற்றி வந்தபோது அவர் ஆகச் சின்ன சட்டிக்குப் பெயரெழுதிவிட்டு, சர்பத் குடிக்காமல் பின்வாசலால் போய்விட்டார்.

பத்துப் பேர் வந்ததற்காக வீட்டுக்காரிக்கென்று ஒரு பெரிய மூடிச்சட்டி எனக்குப் பரிசாகக் கிடைத்தது. அதில் நான் ஆறு மாதம் சோறு ஆக்கினேன்.

அதற்கு அடுத்த வருடம் என் மாப்பிள்ளை மௌத்தானார். காலையில் உப்பு ஏற்றப் போனவர், லொறிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. அன்றே அஸருக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

அந்த நாட்களில் என் கூட்டாளி என்னோடு இருந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள், கோப்பை கழுவினாள், என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு யாஸீன் ஓதினாள். மூன்று நாளும் என் மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துச் சாப்பாடு ஊட்டினாள். மகளுக்கு அப்போது பதினாறு வயது. வேறு யார் தந்தாலும் சாப்பிடாதவள் அவள் கையால் சாப்பிட்டாள். சட்டியைப் பற்றி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு இப்படி ஒரு கூட்டாளியைத் தந்ததற்காக நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

நான் இத்தா இருக்கத் தொடங்கினேன். மாப்பிள்ளை மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, அத்தர் பூசாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையில் இருந்தேன். முதல் மாதம் பெண்கள் வந்து போனார்கள். இரண்டாவது மாதத்தில் வருகை குறைந்தது. வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் போனது. பின்னேரங்களில் களப்புப் பக்கமிருந்து வரும் காற்றில் யன்னல் கதவு அடிக்கும், அதுதான் சத்தம்.

அப்போதுதான் என் கூட்டாளி கேட்டாள். "எங்கட வகுப்புப் புள்ளைகள் ஒன்னப் பாக்கோணுமாம். சனிக்கெழம எல்லாரையும் கூட்டிட்டு வரட்டா? ஒனக்கும் ஒரு ஆறுதலா இரிக்கும்."

எனக்குச் சந்தோசம். மகளைக் கொண்டு முன்மண்டபத்தைக் கூட்டித் துடைக்க வைத்தேன். மாப்பிள்ளையின் கதிரையை ஓரமாக வைத்தோம்.

சனிக்கிழமை மகள் டியூசனுக்குப் போய்விட்டாள். பெண்கள் மூன்று மணிபோல் வந்தார்கள். எட்டு, ஒன்பது பேர். அதில் எங்களோடு படித்தவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களை எனக்குத் தெரியாது. எல்லாரும் உள்ளறைக்கு வந்து ஸலாம் சொன்னார்கள், கையைப் பிடித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். கடைசியாக இரண்டு பெரிய பைகளோடு மிஸ் வந்தாள். என்னைக் கண்டதும், "அனே பவ்" என்று சிங்களத்தில் பாவப்பட்டுவிட்டு முன்மண்டபத்துக்குப் போனாள். பைகளிலிருந்து சட்டி உரசும் சத்தம் கேட்டது.

நான் என் கூட்டாளியைப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னாள். "புள்ள, கோவிச்சிக்காத. எல்லாரையும் ஒரு எடத்துக்குக் கூட்டுறது எவ்வளவு கஷ்டமெண்டு ஒனக்குத் தெரியும் தானே. இந்த மாசம் எனக்கு இன்னும் ஒரு பார்ட்டி கொறயுது. நீ ஒண்டும் செய்யத் தேவல்ல. இங்கயே இரி. அர மணித்தியாலம்."

"மௌத்து வூட்டுலயா?" என்று கேட்டேன்.

"மௌத்தாகி ரெண்டு மாசம் தானே புள்ள" என்றாள்.

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

நான் எழும்பி, "எல்லாரும் போங்க" என்று சொல்லியிருக்கலாம். இத்தாவில் இருப்பவளுக்கு வெளியே போகத்தான் தடை, வாய் திறக்கத் தடை இல்லை. நான் வாய் திறக்கவில்லை. வந்த பெண்களுக்கு முன்னால் அவளுடைய முகம் சுருங்கிப் போய்விடுமே என்றுதான் நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மிஸ் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயர் சொல்ல வைத்தாள். கை தட்டினார்கள். முதலில் மெதுவாகத் தட்டினார்கள், போகப் போகச் சத்தம் கூடியது. என் குசினியிலிருந்து காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் முன்மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மிஸ் சட்டியில் கேக் செய்து காட்டினாள். வெனிலா வாசனை வீடு முழுக்கப் பரவியது. அத்தர் கூடத் தொடாமல் இருந்த அறைக்குள் அந்த வாசனை வந்தது. யாரோ ஏதோ பகிடி சொல்ல, எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகள் டியூசனிலிருந்து வந்தாள்.

வாசலில் நின்றவள் முன்மண்டபத்தைப் பார்த்தாள். என் அறையின் திரைக்கு இடையால் எனக்கு அவள் தெரிந்தாள். புத்தகப் பை தோளில் கிடந்தது. மிஸ் ஒரு பெண்ணை, மகளுடைய வாப்பாவின் கதிரையில் உட்கார வைத்திருந்தாள். மகள் நேரே போய் அடுப்பை அணைத்தாள். சிலிண்டர் வாயையும் மூடினாள். பிறகு, "எழும்புங்க. எல்லாரும் எழும்புங்க. இது எங்கட வாப்பாட வூடு" என்றாள்.

மிஸ் என் கூட்டாளியைப் பார்த்தாள். என் கூட்டாளி என் அறைப் பக்கம் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்த முகத்தைக் கண்டதும் நான் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் சொன்னது இதுதான்: "என்ன பழக்கம் இது? பெரிய ஆக்களிட்ட இப்பிடியா கதைக்கிற? மன்னிப்புக் கேளு."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கவில்லை. "ஆரிட்ட உம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாரிட்டயும்."

அவள் கேட்டாள். "மன்னிச்சிக்கொள்ளுங்க" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய்விட்டாள். அரைகுறையாக வெந்த கேக்கை மிஸ் சட்டியோடு மூடிக் கட்டினாள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக என் கையைப் பிடித்து, "ஸபூர் செய்யுங்க" என்று பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மகளைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்களா, மௌத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு ஓட்டோக்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். வீட்டுக்காரிக்கான பரிசு. மேலே என் பெயர் எழுதியிருந்தது. அதற்கிடையில் கதை பரவிவிட்டது. இத்தா இருக்கிறவள் பரிசுக்கு ஆசைப்பட்டு வீட்டில் பார்ட்டி வைத்தாளாம், மகள் வந்து அடுப்பை அணைத்தாளாம். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்த என் சொந்த மச்சியே அழைப்பெடுத்து, "அவ்வளவு அவசரமா மச்சி?" என்று கேட்டார்.

மகள் என்னோடு கதைத்தாள். சாப்பிட்டீங்களா, மருந்து குடித்தீங்களா என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பல நாட்களுக்குப் பிறகு நான்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். "அண்டைக்கு நான் ஒன்ன ஏசினது பிழைதான் மகள்" என்றேன்.

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க அவங்கட மொகத்தப் பாத்தீங்க உம்மா. எண்ட மொகத்தப் பாக்கல்ல" என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

அன்று என் கூட்டாளிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். நான் அனுப்பியவற்றில் ஆக நீளமானது அதுதான். அழுதேன், ஏசினேன். என் வீட்டை நீ என்னவென்று நினைத்தாய் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவளும் அழுதிருந்தாள். "எனக்கு மேல இரிக்கிறவ எண்ட கழுத்தப் புடிக்கிறா புள்ள. வூட்டுல மனிசன் சும்மா இரிக்கிறார். நான் ஒண்ட வூட்ட எண்ட வூடு மாதிரி நெனச்சித்தான் வந்த" என்றாள். கடைசியில், "நீயும் தானே மத்தவங்களக் கூட்டிட்டு வந்த" என்றாள்.

பக்கத்து வீட்டு ராத்தா ஜனாஸா அன்று வந்தவர், பிறகு ஒரு நாளும் என்னைப் பார்க்க வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய தையல் மெசின் ஓடும் சத்தம் மட்டும் தினமும் கேட்டது. நான் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

இத்தா முடிந்ததும் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். அவர் கதவைத் திறந்து, என்னைக் கட்டிப்பிடித்து, உட்கார வைத்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் மெசின் ஊசியில் நூலைக் கோக்கத் தொடங்கினார். நான் திரும்பவும் கேட்டேன்.

"ரெண்டு தரம் வாசல் வரைக்கும் வந்த மகள்" என்றார். "ஒரு நாள் உள்ளுக்குப் பொம்பளைகள்ட சத்தம் கேட்டிச்சி. மத்த நாளும் அப்பிடி ஏதும் இரிக்குமோ எண்டு பயந்து திரும்பிட்டேன். ஒங்கட வூட்டுக்கு வந்தா ஒண்டும் வாங்காம வெறுங்கையோட போகேலாதே."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பெரிய வெசயமில்ல" என்றார். தேத்தண்ணீர் தந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் போகும்போது வாசல் வரை வந்தார், தன் வாசல் வரை. இப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்குள் அவர் வருவதில்லை.

என் கூட்டாளியைப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். சாப்பாட்டுக்கு உட்கார வைத்தபோது எங்கள் இருவரையும் ஒரே சஹனில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரு தட்டில் சாப்பிடும்போது இடையில் எழும்ப முடியாது. அவள் மெலிந்திருந்தாள். சின்ன வயதில் செய்வதுபோல இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளி வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். மகள் எதிர்ச் சஹனிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டி வேலைய உட்டுட்டேன்" என்றாள் அவள்.

"ம்" என்றேன்.

கை கழுவும் இடத்தில் என் பின்னால் வந்து நின்றாள். "ஒரு நாளைக்கி வூட்ட வாவன் புள்ள" என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கத்தில் நான் அவளிடம் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். "சும்மாதான்" என்றாள்.

அது உண்மையாகவே இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அவள் "சும்மா" என்று சொன்னால் அது சும்மாதானா என்று கண்டுபிடிக்கும் வழி என்னிடம் இல்லாமல் போய்விட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனேன். என் கூட்டாளி வீட்டுக்கு இதுவரை போகவில்லை.